கடலை நீந்திக் கடந்தவர், கடைசிவரை காலை மறைத்தவர்! கவிஞர் பைரனின் வாழ்க்கையும் 'கிளப் ஃபுட்' எனும் வளைபாதமும்

1810-ம் ஆண்டு மே 3-ம் தேதி. இன்றைய துருக்கியில் இருக்கும் டார்டனெல்ஸ் ஜலசந்தி. ஒரு கரை ஐரோப்பா, மறுகரை ஆசியா. நடுவில் இழுத்துக்கொண்டு ஓடும் குளிர்ந்த கடல்.

ஐரோப்பியக் கரையிலிருந்து 22 வயது இளைஞர் ஒருவர் தண்ணீரில் இறங்குகிறார். கூடவே ஒரு கடற்படை அதிகாரியும் நீந்துகிறார். நேர்க்கோட்டில் அளந்தால் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் நீரோட்டம் ஆளை ஓரமாகத் தள்ளிக்கொண்டே போவதால், நீந்த வேண்டிய தூரம் 6 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். முன்னர் ஒருமுறை முயன்று தோற்றுப்போன இடம் அது. இந்த முறை 1 மணி 10 நிமிடத்தில் ஆசியக் கரையைத் தொட்டுவிட்டார்.

தண்ணீரில் இவ்வளவு வேகம் காட்டிய அந்த இளைஞரால் தரையில் சாதாரணமாக நடக்க முடியாது. வலது காலை விந்தி விந்தித்தான் நடப்பார். அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே வாழ்நாள் முழுக்க விதவிதமாக வழி தேடினார்.

அவர்தான் ஆங்கிலக் கவிஞர் லார்ட் பைரன். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்குப் பழக்கமான பெயர். மற்றவர்களுக்கு ஒரு அடையாளம்: உலகின் முதல் கம்ப்யூட்டர் புரோகிராமர் என்று கொண்டாடப்படும் அடா லவ்லேஸ் இருக்கிறாரே, அவருடைய அப்பா.

பைரனின் கவிதைகளைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். இந்தக் கட்டுரை அவருடைய காலைப் பற்றியது. காரணம், அவருக்கு இருந்ததாகச் சொல்லப்படும் அதே குறை இன்றைக்கும் சுமார் 1,000 குழந்தைகளில் ஒரு குழந்தைக்கு இருக்கிறது. அன்றைக்கு அதைச் சரிசெய்ய நல்ல வழி இல்லை. இன்றைக்கு இருக்கிறது.

லண்டனில் ஒரு வாடகை வீடு

பைரன் பிறந்தது 1788-ம் ஆண்டு ஜனவரி 22-ம் தேதி, லண்டனில் ஒரு வாடகை வீட்டில். அம்மா கேத்தரின் கார்டன், ஸ்காட்லாந்தில் சொத்து பத்தோடு இருந்த குடும்பத்துப் பெண். அப்பா ஜான் பைரன் ராணுவ கேப்டன். ஊதாரித்தனத்துக்குப் பேர்போனவர். மனைவி கொண்டுவந்த சொத்தையெல்லாம் கடனுக்குத் தின்னக் கொடுத்தவர். மகன் பிறந்த சமயத்தில் கடன்காரர்களுக்குப் பயந்து ஒளிந்து திரிந்துகொண்டிருந்தார். பையனுக்கு 3 வயதானபோது பிரான்சில் இறந்தும் போனார்.

குழந்தை பிறந்ததுமே வலது பாதம் சரியில்லை என்பது தெரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் லண்டனின் மிகப்பெரிய அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர். அவரே வந்து பார்த்தார். குழந்தை நடக்க ஆரம்பிக்கும்போது தனியாக ஒரு ஷூ செய்து போட்டால் சரியாகிவிடும் என்றார்.

அம்மா குழந்தையோடு ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்துக்குப் போய்விட்டார். கையில் காசு இல்லை. 1791-ல் லண்டனில் இருந்த நாத்தனாருக்கு அவர் எழுதிய கடிதத்தில் மகனின் கால் எப்படி இருக்கிறது என்ற விவரம் கிடைக்கிறது. வலது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கிறது, பிள்ளை பாதத்தின் ஓரத்தை ஊன்றியே நடக்கிறான், ஹன்டர் சொன்ன ஷூவை எப்படியாவது வாங்கி அனுப்புங்கள் என்பதுதான் கடிதத்தின் சாரம்.

அதென்ன கிளப் ஃபுட்?

கேத்தரின் வர்ணித்தது அப்படியே 'கிளப் ஃபுட்' எனும் வளைபாதத்துக்குப் பொருந்துகிறது.

இந்தக் குறையோடு பிறக்கும் குழந்தையின் பாதத்தில் நான்கு மாற்றங்கள் ஒன்றாகத் தெரியும். உள்ளங்கால் வளைவு இயல்பைவிட ஆழமாகக் குழிந்திருக்கும். பாதத்தின் முன்பகுதி உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். குதிகாலும் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். கூடவே குதிகால் மேலே இழுத்துக்கொண்டு, பாதத்தின் நுனி கீழ்நோக்கி இருக்கும். பார்க்கும்போது இரண்டு உள்ளங்கால்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருப்பது போலத் தோன்றும்.

இதற்குக் காரணம் எலும்பு உடைந்ததோ, குழந்தை எங்காவது விழுந்ததோ இல்லை. காலின் உள்பக்கத்திலும் பின்பக்கத்திலும் இருக்கும் தசைநாண்களும் தசைநார்களும் இறுகி, குட்டையாக இருக்கின்றன. அவை இழுக்கிற பக்கமெல்லாம் பாதத்தின் குட்டி எலும்புகளும் போய் நிற்கின்றன.

பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு இது ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம். பாதிப்பேருக்கு இரண்டு பாதங்களிலும் இருக்கும். கைக்குழந்தையாக இருக்கும்போது வலியே இருக்காது. கவனிக்காமல் விட்டால்தான் பிரச்னை. குழந்தை எழுந்து நிற்கும்போது உள்ளங்காலுக்குப் பதிலாகப் பாதத்தின் வெளி ஓரம் உடம்பின் பாரத்தைத் தாங்கும். அந்த இடத்தில் தோல் தடித்து, காய்த்து, புண்ணாகும். ஷூ, செருப்பு எதுவும் பொருந்தாது. வயது ஏற ஏற நடையே வேதனை ஆகிவிடும்.

பழி யார் தலையில்?

இந்த இடத்தில் பைரனின் வாழ்க்கை நம்ம ஊர்க் கதை மாதிரியே ஆகிவிடுகிறது.

தன் கால் இப்படி ஆனதற்கு அம்மாதான் காரணம் என்று பைரன் நம்பினார். கிரீஸில் ஒருமுறை குளிக்கப் போனபோது கூட இருந்த நண்பரிடம் தன் காலைக் காட்டி, பிரசவ நேரத்தில் அம்மா காட்டிய தேவையற்ற கூச்சத்தால்தான் இந்தக் குறை வந்தது என்று சொல்லியிருக்கிறார். போதாக்குறைக்கு அந்தக் குறையைச் சொல்லியே அம்மா தன்னைக் குத்திக்காட்டினார் என்பதும் அவருடைய மனக்குறை.

கேத்தரின் முன்கோபக்காரர்தான். கோபத்தில் மகனை நொண்டி என்று திட்டியதை பைரன் கடைசிவரை மறக்கவில்லை. ஆனால் கணவன் ஓடிப்போய், பணமும் கரைந்த பிறகு, தனி ஆளாக நின்று, ஒரு ஷூவுக்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவரும் அவர்தான். மகன் அதைப் பார்க்கவில்லை. 1811-ல் அம்மா இறந்தபோது பைரன் பக்கத்திலும் இல்லை. செய்தி கேட்டு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார் என்கிறார்கள்.

மருத்துவம் இன்றைக்கு என்ன சொல்கிறது? வளைபாதம் வருவதற்கான முழுக் காரணம் இன்னும் பிடிபடவில்லை. மரபணுவுக்குப் பங்கு இருக்கிறது. குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்கு இருந்தால் வாய்ப்பு கூடுகிறது. பிரசவத்தின்போது அம்மா கூச்சப்பட்டதாலோ, எப்படிப் படுத்தார் என்பதாலோ இது வருவதில்லை.

கிரகணத்தில் வெளியே வந்தாயா, அந்த நேரத்தில் எதையாவது வெட்டினாயா என்று பச்சை உடம்புக்காரியை உட்காரவைத்து விசாரிக்கும் வீடுகள் இன்னமும் இருக்கின்றன. அந்தக் கேள்விகளுக்கும் குழந்தையின் பாதத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைங்க.

மரச் சட்டத்துக்குள் ஒரு சிறுவன்

1798-ல் ஒரு திருப்பம். பெரிய தாத்தா இறந்துபோக, வாரிசு வரிசையில் முன்னால் இருந்தவர்களும் ஏற்கெனவே இறந்துவிட்டதால், 10 வயது பையன் ஆறாவது லார்ட் பைரன் ஆனான். நாட்டிங்ஹாம் அருகே நியூஸ்டெட் அபே என்ற பழைய மாளிகையும் கைக்கு வந்தது. மாளிகை என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். பாதி இடிந்து கிடந்த கட்டடம் அது.

மகனின் காலைச் சரிசெய்ய அம்மா மறுபடி ஆள் தேடினார். நாட்டிங்ஹாமில் லாவெண்டர் என்று ஒருவர் கிடைத்தார். மருத்துவமனைக்கு இடுப்புப் பட்டைகள் செய்து கொடுக்கிறவர். மருத்துவம் படித்தவர் இல்லை. அவருடைய வைத்தியம் இதுதான்: பாதத்தில் எண்ணெய் தேய்ப்பார். பலம் கொண்ட மட்டும் முறுக்குவார். அப்படியே ஒரு மரச் சட்டத்துக்குள் வைத்துத் திருகிவிடுவார்.

அந்தச் சட்டத்தோடுதான் பையன் பாடம் படித்தான். லத்தீன் சொல்லிக்கொடுக்க வந்த ஆசிரியருக்கு, மாணவன் வலியில் துடிப்பதைப் பார்க்கவே முடியவில்லை. பையனோ வலியை வாய்விட்டுச் சொல்ல மறுத்துவிட்டான்.

ஆனால் பழி வாங்காமல் விடவில்லை. வாய்க்கு வந்தபடி எழுத்துகளைச் சேர்த்து ஒரு தாளில் வரிவரியாக எழுதி, இது என்ன மொழி என்று லாவெண்டரிடம் கேட்டானாம். அவரும் விட்டுக்கொடுக்காமல் இத்தாலிய மொழி என்றாராம். பையன் விழுந்து விழுந்து சிரித்ததாக பைரனின் வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. பத்துப் பதினோரு வயதுப் பிள்ளைக்குப் போலி வைத்தியரை அடையாளம் தெரிந்திருக்கிறது. பெரியவர்களுக்குத்தான் தெரியவில்லை.

1799-ல் லண்டனுக்கு அழைத்துப் போனார்கள். மேத்யூ பெய்லி என்ற நல்ல மருத்துவர் பார்த்தார். காலுக்குக் கருவி செய்கிற ஷெல்ட்ரேக் என்பவரிடம் பிரேஸ் செய்து வாங்கினார்கள். ஆனால் அதைத் தொடர்ந்து போட்டிருக்கப் பையனுக்குப் பொறுமை இல்லை. ஓடி விளையாடும் வயது. வார விடுமுறையில் அம்மா வந்து அழைத்துப் போனால், ஒழுங்கும் சிகிச்சையும் காற்றில் பறந்துவிடும்.

அப்படியே ஒழுங்காகப் போட்டிருந்தாலும் பெரிய பலன் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான். பிறந்த சில வாரங்களில் பாதம் வளைந்து கொடுக்கும் அளவுக்கு 11 வயதில் கொடுக்காது. எலும்புகள் அந்தக் கோணத்திலேயே இறுகிவிட்டிருக்கும்.

ரன்னர் வைத்து கிரிக்கெட்

1801-ல் ஹாரோ என்ற புகழ்பெற்ற உறைவிடப் பள்ளியில் சேர்ந்தார். நொண்டுகிற பையன் கேலிக்கு ஆளாகாமல் இருப்பானா? அடிதடியில் இறங்கித்தான் அங்கே தன் இடத்தைப் பிடித்தார்.

1805 ஆகஸ்டில் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் ஹாரோ, ஈட்டன் பள்ளிகளுக்கு இடையே ஒரு கிரிக்கெட் போட்டி நடந்தது. ஹாரோ அணியில் பைரனும் இருந்தார். அவர் பேட் பிடிப்பார், அவருக்காக இன்னொரு பையன் ஓடுவான். ஸ்கோர் புத்தகத்தின்படி முதல் இன்னிங்ஸில் 7 ரன், இரண்டாவதில் 2 ரன். ஆனால் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் 11, 7 என்று கூட்டிச் சொல்லியிருக்கிறார் மனுஷன்! ஹாரோ தோற்றுப்போனது.

சிரித்துவிட்டுக் கடந்துபோகிற விஷயம்தான். ஆனாலும் அந்தக் கூடுதல் ரன்களுக்குப் பின்னால், நானும் மற்றவர்களைப் போலத்தான் என்று காட்ட ஏங்குகிற 17 வயதுப் பையன் தெரிகிறான்.

அதே சமயத்தில் ஒரு காயமும் பட்டது. பக்கத்து எஸ்டேட்டில் இருந்த மேரி சாவொர்த் என்ற பெண்ணைப் பைரன் உருகி உருகிக் காதலித்தார். அவரோ தன் வேலைக்காரப் பெண்ணிடம், அந்த நொண்டிப் பையனை நான் எப்படி விரும்புவேன் என்கிற மாதிரி பேசியது பைரன் காதில் விழுந்துவிட்டதாம். நடு இரவில் வீட்டைவிட்டு ஓடினார் என்று அவருடைய நண்பரும் வரலாற்றாசிரியருமான தாமஸ் மூர் எழுதியிருக்கிறார்.

தண்ணீருக்குள் எல்லாரும் சமம்

பைரன் ஏன் நீச்சலை அவ்வளவு நேசித்தார் என்பது இப்போது புரிந்திருக்கும். தரையில் நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முதலில் குதிகால் ஊன்ற வேண்டும், பிறகு பாரம் உள்ளங்கால் வழியாக விரல்களுக்குப் போக வேண்டும். குதிகால் தரையில் சரியாகப் படியாதவருக்கு ஒவ்வொரு அடியும் ஒரு போராட்டம். தண்ணீரில் இந்தத் தொல்லை இல்லை. உடம்பைத் தண்ணீரே தாங்கும். பாதத்தின் மேல் பாரம் விழாது. தோளும் கையும் வலுவாக இருந்தால் போதும்.

டார்டனெல்ஸைக் கடந்ததைத் தன் கவிதைகளைவிட, அரசியலைவிடப் பெரிய பெருமையாக நினைத்தார். 1818-ல் வெனிஸ் நகரில் லிடோ தீவிலிருந்து கிராண்ட் கால்வாயின் கோடிவரை 4 மணி நேரத்துக்கும் மேல் நீந்தினார். கூட நீந்தியவர் பாதியிலேயே விட்டுவிட்டார். நீச்சல் போக குத்துச்சண்டை, குதிரை சவாரி, துப்பாக்கி சுடுதல் என்று பாதத்தை அதிகம் நம்ப வேண்டாத கலைகள் எல்லாவற்றிலும் கைதேர்ந்தார்.

புகழின் உச்சியில் ஒரு ரகசியம்

1812 பைரனின் ஆண்டு. பிப்ரவரி 27-ம் தேதி பிரபுக்கள் சபையில் முதல் பேச்சு. நாட்டிங்ஹாமில் வேலை பறிபோன ஆத்திரத்தில் நெசவு எந்திரங்களை உடைத்த தொழிலாளர்களைத் தூக்கில் போட ஒரு சட்டம் வந்தது. அதை எதிர்த்துப் பேசினார். அடுத்த மாதமே 'சைல்டு ஹெரால்டின் யாத்திரை' நூலின் முதல் பகுதி வெளியானது. முதல் பதிப்பின் 500 பிரதிகள் மூன்றே நாளில் காலி. ஒரே வாரத்தில் லண்டனின் பெரிய மனிதர் வீடுகளிலெல்லாம் இவர் பேச்சுதான்.

அழகான முகம், சுருள் முடி, பிரபுப் பட்டம், கவிதை. இன்றைய சினிமா நட்சத்திரத்துக்குச் சமமான கவர்ச்சி. ஆனால் விருந்துகளில் அவரை உன்னிப்பாகக் கவனித்தவர்கள் சில விஷயங்களை எழுதி வைத்திருக்கிறார்கள்.

அறைக்குள் நடந்து வர மாட்டார், வேகமாக நுழைவார். நொண்டுவது தெரியக் கூடாது இல்லையா? உள்ளே வந்ததும் இடது காலை அழுத்தி ஊன்றி நின்றுவிடுவார். பாதம் வரை தொங்கும் தளர்வான பேன்ட்தான் போடுவார். ஷூவுக்குள் உள்திண்டு வைத்திருப்பார். நடனம் என்றால் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பதோடு சரி.

உடல் எடை விஷயத்திலும் பைரனுக்கு ஓயாத பயம். உருளைக்கிழங்கில் வினிகரை ஊற்றிச் சாப்பிடுவது, பட்டினி கிடப்பது என்று உடம்பை வதைத்துக்கொண்டார். குண்டாகிவிடுவோமோ என்ற பயம் ஒருபக்கம். எடை கூடினால் அந்தக் கால் இன்னும் தடுமாறும் என்பதும் நிஜம்தான்.

1815 ஜனவரி 2-ல் அனபெல்லா மில்பேங்க்கைத் திருமணம் செய்தார். டிசம்பர் 10-ல் அடா பிறந்தார். குழந்தைக்கு இரண்டு மாதம் ஆவதற்குள் கணக்கில்லாத கடன், குடி, அதற்கு மேல் ஊரே பேசிய அவதூறுகள் எல்லாம் சேர்ந்து குடும்பம் உடைந்தது. 1816 ஏப்ரலில் பைரன் இங்கிலாந்தைவிட்டுக் கிளம்பினார். உயிரோடு திரும்பவே இல்லை. மகளையும் மறுபடி பார்க்கவில்லை.

ஏரிக்கரை வீடும் அக்கிலிஸ் கதையும்

அந்தக் கோடையில் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு வீடு எடுத்துத் தங்கினார். பக்கத்தில் கவிஞர் ஷெல்லி தங்கியிருந்தார். நம்ம பாரதியார் 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டாரே, அதே ஷெல்லிதான். விடாத மழை. பொழுது போகாமல் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று பைரன் யோசனை சொன்னார். அதிலிருந்து பிறந்ததுதான் மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்'. பார்க்க விகாரமாக இருப்பதாலேயே எல்லாராலும் விரட்டப்படுகிற ஒரு உயிரின் கதை.

பைரனும் பிறகு அப்படி ஒன்று எழுதினார். 1824-ல் வெளியான அந்த நாடகத்தின் பெயரை 'உரு மாறிய ஊனன்' என்று தமிழில் சொல்லலாம். கூனும் கோணல் காலுமாகப் பிறந்த அர்னால்டைப் பெற்ற தாயே வெறுத்துத் திட்டுவதில்தான் நாடகம் தொடங்குகிறது. சாக நினைக்கும் அவன் முன்னால் ஒரு மர்ம மனிதன் தோன்றி, உனக்கு எந்த உடம்பு வேண்டும் என்று கேட்கிறான். அர்னால்டு தேர்ந்தெடுப்பது கிரேக்க வீரன் அக்கிலிஸின் உடம்பை!

அக்கிலிஸ் யார்? உடம்பில் வேறெங்கே அடித்தாலும் சாகாதவன், குதிகாலில் அம்பு பட்டு இறந்தவன் என்பது கதை. அவன் பெயரைத்தான் குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த தசைநாணுக்கு வைத்திருக்கிறார்கள். அதுதான் அக்கிலிஸ் டெண்டன். வளைபாதத்தில் குதிகாலைத் தரையில் படவிடாமல் மேலே இழுத்துப் பிடித்திருப்பதும் அதே தசைநாண்தான்.

36 வயதில் முடிந்த பயணம்

துருக்கியரின் ஒட்டோமான் பேரரசை எதிர்த்து கிரேக்கர்கள் விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்தார்கள். 1823-ல் பைரன் அவர்களோடு சேரக் கிளம்பினார். கிரேக்கக் கடற்படைக்குச் சொந்தப் பணத்தில் 4,000 பவுண்டு கொடுத்தார். 1824 ஜனவரியில் மிசோலாங்கி என்ற சதுப்பு நிலத்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். சண்டை பார்ப்பதற்கு முன்பே காய்ச்சலில் விழுந்தார். அந்தக் கால வழக்கப்படி மருத்துவர்கள் அட்டை விட்டும் நரம்பைக் கீறியும் ரத்தம் எடுத்தார்கள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும் விடவில்லை. ஏப்ரல் 19-ம் தேதி உயிர் பிரிந்தது. வயது 36.

கிரீஸ் இன்றைக்கும் அவரைத் தேசிய வீரராகக் கொண்டாடுகிறது. இங்கிலாந்திலோ வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இடம் மறுத்துவிட்டார்கள். நியூஸ்டெட்டுக்குப் பக்கத்தில் ஹக்னால் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அபேயில் ஒரு நினைவுக்கல் வைக்க 1969 வரை ஆனது. மகள் அடாவும் 1852-ல் அதே 36 வயதில் இறந்தார். பார்க்காத அப்பாவுக்குப் பக்கத்திலேயே தன்னை அடக்கம் செய்யச் சொல்லியிருந்தார். அப்படியே செய்தார்கள்.

போர்வையை விலக்கிய நண்பர்

பைரன் இறந்து சில நாள் கழித்து மிசோலாங்கிக்கு வந்து சேர்ந்தார் நண்பர் டிரலானி. உடல் இருந்த அறையில் வேலைக்காரர் நின்றிருந்தார். அவரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, போர்வையை விலக்கிக் காலைப் பார்த்ததாக டிரலானியே பிற்பாடு எழுதினார். உயிரோடு இருந்தவரை பொத்திப் பொத்தி வைத்த ரகசியம், இறந்த பிறகு இப்படி வெளியே வந்தது.

இதிலும் ஒரு குழப்பம். 1858-ல் வந்த புத்தகத்தில் இரண்டு பாதங்களுமே வளைபாதம், முழங்கால் வரை சூம்பியிருந்தது என்றார் டிரலானி. 1878-ல் திருத்தி எழுதியபோது, பாதங்களில் குறையே இல்லை, அக்கிலிஸ் தசைநாண் சுருங்கியிருந்ததால் குதிகால் தரையில் படியவில்லை, அவ்வளவுதான் என்று மாற்றிவிட்டார். பைரனோடு பழகியவர்கள் எந்தக் கால் என்பதில்கூட ஒத்துப்போகவில்லை. சிலர் வலது என்றார்கள், சிலர் இடது என்றார்கள்.

1960-ல் லண்டனின் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர் டெனிஸ் பிரவுன் இந்தப் புதிரைக் கையில் எடுத்தார். வளைபாதச் சிகிச்சைக்கான ஒரு கருவியே இவர் பெயரில் இருக்கிறது. பைரன் அணிந்த பூட்ஸை ஆராய்ந்துவிட்டு, இது வழக்கமான வளைபாதமாக இருக்க முடியாது, காலும் பாதமும் சரியாக வளராத வேறொரு பிறவிக் குறை என்றார். அம்மாவின் கடிதத்தை முக்கியமாக எடுத்துக்கொள்கிறவர்கள் வளைபாதம்தான் என்கிறார்கள். 200 ஆண்டுகள் கடந்தும் விவாதம் முடியவில்லை. ஒருவர் தன் காலை அந்த அளவுக்கு மறைத்து வைத்திருந்தால் வேறென்ன நடக்கும்?

அன்று இல்லாத சிகிச்சை

பிறந்தவுடனே மெதுவாகத் திருத்தி, துணி சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக நேராக்க வேண்டும் என்பது சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரில் உள்ள நூல்களில் இருக்கிறது. இடையில் வந்தவர்கள் பொறுமையை விட்டுவிட்டு பலத்தை நம்பினார்கள். லாவெண்டரின் மரச் சட்டம் அந்த வழியில் வந்ததுதான்.

பைரன் இறந்து 7 ஆண்டுகள் கழித்து, 1831-ல் ஜெர்மனியின் ஹனோவரில் ஸ்ட்ரோமேயர் என்ற மருத்துவர் தோலில் சின்னத் துளை மட்டும் போட்டு அக்கிலிஸ் தசைநாணை வெட்டித் தளர்த்திக் காட்டினார். வில்லியம் லிட்டில் என்ற ஆங்கில மருத்துவருக்குச் சிறுவயது நோயால் ஒரு பாதம் வளைந்திருந்தது. 1836-ல் ஸ்ட்ரோமேயரிடம் போய்த் தன் காலையே ஒப்படைத்தார். குணமாகி ஊர் திரும்பி, லண்டனில் அதே சிகிச்சையைச் செய்ய ஆரம்பித்தார்.

இன்று உலகம் முழுக்கப் பின்பற்றப்படுவது பொன்செட்டி முறை. ஸ்பெயினின் மினோர்கா தீவில் பிறந்த இக்னேசியோ பொன்செட்டி, உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தவர். பிறகு அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போனார். பெரிய அறுவை சிகிச்சை செய்த பாதங்கள் வளர்ந்த பிறகு விறைத்துப்போய் வலிப்பதைப் பார்த்துவிட்டு, கத்தியைக் குறைக்க வழி தேடினார்.

அவருடைய முறை இப்படித்தான் போகும்:

முதல் கட்டம்: பிறந்த சில வாரங்களிலேயே ஆரம்பம். டாக்டர் கையால் பாதத்தை மென்மையாகத் திருத்தி, தொடை வரை மாவுக்கட்டு போடுவார். வாரம் ஒருமுறை கட்டைப் பிரித்து, இன்னும் கொஞ்சம் திருத்தி, புதுக் கட்டு. பெரும்பாலும் 5 முதல் 7 கட்டுகளில் பாதம் நேராகிவிடும்.

இரண்டாம் கட்டம்: குதிகால் மட்டும் இறங்காமல் நிற்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அக்கிலிஸ் தசைநாணில் சின்ன வெட்டு தேவைப்படும். சில நிமிட வேலை. அதன் பிறகு சுமார் 3 வாரம் கடைசி மாவுக்கட்டு. அதற்குள் தசைநாண் சரியான நீளத்தில் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

மூன்றாம் கட்டம்: இரண்டு ஷூக்களை ஒரு கம்பியால் இணைத்த பிரேஸ். முதல் 3 மாதம் ஒரு நாளைக்கு 23 மணி நேரம். அதன் பிறகு 4, 5 வயது வரை தூங்கும் நேரத்தில் மட்டும்.

பெற்றோர் கோட்டைவிடுவது மூன்றாம் கட்டத்தில்தான். கால் பார்க்க நேராகிவிட்டது, பிள்ளை அழுகிறது, எதற்குப் பாவம் என்று பிரேஸைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். பாதம் மறுபடி வளைவதற்கு முக்கியக் காரணமே இதுதான். ஷெல்ட்ரேக் செய்த பிரேஸை பைரன் கழற்றி எறிந்த கதை இன்றைக்கும் வேறு வீடுகளில் நடந்துகொண்டிருக்கிறது.

பெற்றோர் கவனத்துக்கு

* பிறந்த குழந்தையின் பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தால், கையால் மெதுவாகத் தொட்டு நேராக்கிப் பாருங்கள். எளிதாக நேர்நிலைக்கு வந்தால், கருப்பையில் இருந்த நிலையால் ஏற்பட்ட தற்காலிக வளைவாக இருக்கலாம். விறைப்பாக இருந்தால் வளைபாதமாக இருக்க வாய்ப்பு அதிகம். எதுவானாலும் டாக்டர் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

* நடக்கும்போது சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். வளைபாதம் தானாகச் சரியாகாது.

* எண்ணெய் தேய்த்து முறுக்குவது, கட்டை வைத்துக் கட்டுவது வேண்டவே வேண்டாம்.

* குழந்தைக்கு ஒன்றிரண்டு வயதாகிவிட்டதா? அப்போதும் பொன்செட்டி முறையை முயன்று பார்க்கலாம். தள்ளிப்போட்டால்தான் சிக்கல் கூடும்.

* மத்திய அரசு 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. எனும் குழந்தைகள் நலத் திட்டத்தின் பட்டியலில் வளைபாதமும் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் பிரசவம் பார்த்த டாக்டரிடமோ, கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள்.

சரியான நேரத்தில் தொடங்கி, பிரேஸையும் ஒழுங்காகப் போட்டால், பெரும்பாலான குழந்தைகள் மற்ற பிள்ளைகளைப் போலவே நடக்கிறார்கள், ஓடுகிறார்கள். பேட் பிடித்தால் ரன்னர் தேவைப்படாது.

பைரன் பிறந்தபோது ஊரின் பெரிய டாக்டரே வந்து பார்த்தார். ஆனால் அவர் கையில் இந்த முறை இல்லை. இன்றைக்கு மாவும் துணியும் பொறுமையும் இருந்தால் போதும். அதனால் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு குழந்தை பிறந்தால், காலைத் துணியால் போர்த்தி வைக்காதீர்கள். அம்மாவிடம் கணக்குக் கேட்காதீர்கள். இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள்.